அளந்தா சரியா இருக்கு, ஓடினா ஒழுகுது: கியர்பாக்ஸுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் ரிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் நடுவில் வந்த இருமலையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன மூணு வாரமா டேட்டாபேஸ், க்யூ, கேஷ்னு ஓடிட்டு இருந்தோம். இந்த வாரம் பிளாஸ்டிக். சின்னப் பிள்ளைங்க போடுற வளையல் அளவுல, கையில எடுத்தா எடையே தெரியாத ஒரு கறுப்பு வளையம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ள இருக்குற சீலிங் ரிங்.

ஏன் திடீர்னு இதுன்னு கேப்பீங்க. ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். மோல்டிங் கம்பெனில குவாலிட்டில வேலை பாக்குறாராம். "ரிஜெக்‌ஷன் வந்தா எங்க ஆளுங்க முதல்ல எந்த ஷிப்ட், எந்த ஆபரேட்டர்னுதான் கேக்குறாங்க. டிஃபெக்ட்டைக் கண்டுபிடிக்க இதுதான் வழியா?"ன்னு கேட்டிருந்தார். புதுசா கேக்குறவங்களுக்காகச் சொல்றேன், நான் படிச்சது மெக்கானிக்கல். சாஃப்ட்வேருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் சென்னைக்கு வெளிய ஒரு மோல்டிங் யூனிட்டில் டிரெய்னியா இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். அங்க நான் பண்ண ஒரு தப்பு இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லும். அதுக்கு முன்னாடி ரிங்கைப் புரிஞ்சுக்கணும்.

ரிங்குக்கு என்ன வேலை

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல கியர் மாத்துறது எண்ணெய். ஏ.டி.எஃப்-னு சொல்ற டிரான்ஸ்மிஷன் ஆயில் பிரஷரோட போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும், கியர் விழும். சிக்கல் என்னன்னா, எண்ணெய் வர்ற இடம் அசையாம நிக்குது, போய்ச் சேர வேண்டிய டிரம் சுத்திட்டு இருக்கு. நிக்கிற பைப்பிலிருந்து சுத்துற பாத்திரத்துக்குள்ள, பல பார் பிரஷர்ல, சிந்தாம எண்ணெய் ஊத்தணும். அந்த இணைப்புலதான் நம்ம ரிங் உக்காந்திருக்கு.

ஷாஃப்ட்ல ஒரு பள்ளம் வெட்டி, அதுல ரிங்கை மாட்டியிருப்பாங்க. பள்ளத்துக்குள்ள மாட்டணும்னா ரிங்கை விரிச்சாகணும், அதனால ஒரு இடத்துல வெட்டு இருக்கும். எண்ணெய் பிரஷர் வந்ததும் ரிங்கை வெளிப்பக்கமா தள்ளி போர் சுவரோட ஒட்ட வைக்கும், பக்கவாட்டுல தள்ளிப் பள்ளத்தோட ஒரு சுவரில் ஒட்ட வைக்கும். ஆக சீல் பண்றது ரெண்டே முகம்: வெளிச் சுற்று, ஒரு பக்க முகம். இதை மனசுல வச்சுக்கோங்க. ரிங்ல ஒரு குறை இருந்தா அது பெரிய குறையா சின்னக் குறையாங்குறது, இந்த ரெண்டு முகத்துல இருக்கா இல்லையாங்குறதைப் பொறுத்தது.

கசிவு அதிகமானா கிளட்ச்சுக்குப் போதுமான பிரஷர் போகாது. பிளேட் முழுசா பிடிக்காம வழுக்கும். வழுக்கினா சூடு, சூடானா பிளேட் கருகும். சில ரூபாய் சாமான் லட்ச ரூபாய் கியர்பாக்ஸைக் காலி பண்றது இப்படித்தான். உங்க கார் ஏ.எம்.டி-னா இந்தக் கதை பெரும்பாலும் பொருந்தாது. டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், சி.வி.டி, வெட் கிளட்ச் டி.சி.டி மாதிரி எண்ணெயால கட்டுப்படுத்துற வண்டிகளுக்குத்தான் இது.

எதுல செய்றாங்க

முன்னாடி வார்ப்பிரும்புல செஞ்சாங்க. அப்புறம் டெஃப்லான், அதாவது பி.டி.எஃப்.ஈ. டெஃப்லானுக்கு ஒரு குணம் இருக்கு, உருக்கினாலும் ஓடாது. அதனால இன்ஜெக்‌ஷன் மெஷின்ல அடிக்க முடியாது. பொடியை அழுத்தி, சூடுபடுத்தி, கடைசல் பிடிச்சு எடுக்கணும். இன்ஜெக்‌ஷன்லயே அடிக்கக்கூடிய, சூட்டையும் தாங்கக்கூடிய பிளாஸ்டிக் வேணும்னு வந்தப்போ கிடைச்சதுல முக்கியமானது பீக். முழுப்பேர் பாலி ஈதர் ஈதர் கீட்டோன். பிரிட்டன்ல ஐ.சி.ஐ கம்பெனி உருவாக்கினது.

பீக் உருகுறது 343 டிகிரி செல்சியஸ்ல. மெஷின் பேரல்ல 360-லிருந்து 400 வரைக்கும் வைப்பாங்க. சாதாரண பக்கெட், டப்பா அடிக்கிற மோல்டுக்குத் தண்ணி விட்டுக் குளிர வைப்போம். பீக்குக்கு மோல்டையே 170-லிருந்து 200 டிகிரி வரைக்கும் சூடா வச்சிருக்கணும். தோசைக்கல்லை விடச் சூடுன்னு எங்க ஷாப்ல கிண்டல் பண்ணுவாங்க. ஏன் இவ்வளவு சூடுங்குறதுலதான் மொத்தக் கதையும் இருக்கு, அப்புறம் வர்றேன்.

ரிங்குக்குப் போடுற பீக் சுத்தமானது இல்ல. உரசலுக்காக கார்பன் ஃபைபர், கிராஃபைட், டெஃப்லான் பொடி மூணும் கலந்திருக்கும். ரொம்பப் பரவலா இருக்குற ஒரு கலவைல ஒவ்வொண்ணும் 10 சதவீதம். அதனால ரிங் கறுப்பா இருக்கும். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. கறுப்புதான் எங்களை ஏமாத்துச்சு.

முதல்ல கேக்க வேண்டியது

ஒரு டிஃபெக்ட் கையில வந்தா பழைய ஆளுங்க முதல்ல கேக்குறது ஷிப்ட் இல்ல. ரிங்ல எந்த இடத்துல இருக்கு? எந்தக் கேவிட்டில இருந்து வந்தது? எல்லா ஷாட்லயும் வருதா, அப்பப்போ வருதா?

கேவிட்டின்னா மோல்டுக்குள்ள பார்ட் உருவாகுற குழி. ஒரே மோல்டுல எட்டு குழி இருந்தா ஒரு ஷாட்டுக்கு எட்டு ரிங். ஒவ்வொண்ணுலயும் ஒரு பொடி நம்பர் பொறிச்சிருக்கும். ஒரே நம்பர்ல, ஒரே இடத்துல, எல்லா ஷாட்லயும் வந்தா மோல்டைப் பாருங்க. எல்லா நம்பர்லயும் மெல்ல மெல்ல கூடிட்டே போனா மெஷின் செட்டிங்கைப் பாருங்க, இல்ல மெட்டீரியலைப் பாருங்க. எந்த ஒழுங்கும் இல்லாம எங்கயாவது ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு வெள்ளிக் கோடுன்னு வந்தா குப்பை கலந்திருக்கு, இல்ல ஈரம் இருக்கு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குச் சொல்லணும்னா, ஒரே சர்வர்ல மட்டும் வர்ற எரர், எல்லா சர்வர்லயும் வர்ற எரர், அப்பப்போ வந்துட்டுப் போற எரர், மூணையும் நாம ஒரே மாதிரி தேட மாட்டோம்ல, அதேதான்.

ஈரம்னு சொன்னேன். பீக் குருணையை 150 டிகிரில மூணு மணி நேரமாவது காய வைக்கணும். நைலான் மாதிரி ஈரத்தால பீக்கோட சங்கிலி அறுந்து போறதில்ல. ஆனா ஈரம் பேரல்ல நீராவியாகி, ரிங் மேல வெள்ளிக் கோடா, உள்ளுக்குள்ள குமிழா வரும். கறுப்புப் புள்ளி வந்தா முதல்ல விசாரிக்க வேண்டியது இதுக்கு முன்னாடி அந்த மெஷின்ல என்ன ஓடிச்சுன்னு. நைலான் மிச்சம் பேரல்ல ஒட்டியிருந்தா 380 டிகிரில கருகி, பீக்கோட கலந்து வரும்.

பிசிறு, அதாவது ஃப்ளாஷ், மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல மெல்லிய தகடா நீட்டிட்டு இருக்கும். நான் சேர்ந்த புதுசுல பிசிறுன்னா பிரஷர் கூடிப்போச்சுன்னு அர்த்தம்னு நினைச்சுட்டு பிரஷரைக் குறைப்பேன். பிசிறு போகும், வேற கேவிட்டில பாதி ரிங்தான் நிரம்பும். அதுக்குப் பேர் ஷார்ட். ஒரே ஷாட்ல ஒரு கேவிட்டில பிசிறு, இன்னொண்ணுல ஷார்ட்னா அது பிரஷர் பிரச்சனையே இல்ல, பங்கீட்டுப் பிரச்சனை.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. எட்டு கேவிட்டி மோல்டுல ரன்னர், அதாவது உருகின பிளாஸ்டிக் போற வாய்க்கால், எல்லாக் குழிக்கும் ஒரே நீளம், ஒரே குறுக்களவுன்னு வெட்டியிருப்பாங்க. அப்போ எல்லாம் ஒரே நேரத்துல நிரம்பணும்ல? நிரம்பாது. வாய்க்கால் சுவரோரமா போற பிளாஸ்டிக் உரசி உரசிச் சூடாகி இளகிடும். நடுவுல போறது அவ்வளவு சூடாகாது. வாய்க்கால் ரெண்டா பிரியும்போது இந்தச் சூடான ஓரம் ஒரு கிளையோட ஒரு பக்கத்துக்கு மட்டும் போகும். அடுத்த பிரிவுல அந்தப் பக்கத்துல இருக்குற குழிக்கு இளகின சரக்கு, மத்ததுக்கு இறுகின சரக்கு. 1990-கள்ல அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியோட ஈரி கேம்பஸ்ல ஜான் போமான்ட்ங்குறவர் இதைத் தெளிவா காட்டினார். வாய்க்கால் பிரியுற இடத்துல பிளாஸ்டிக்கை ஒரு சுழட்டு சுழட்டி விட்டா சரியாகும்னு தீர்வும் கொடுத்தார். அதுவரைக்கும் மோல்டை வெட்டினவங்க எத்தனை பேர் சும்மா திட்டு வாங்கியிருப்பாங்கன்னு நான் யோசிச்சிருக்கேன்.

கேட்டை எங்க வைக்கிறது

நான் அதிகமா ரசிச்ச சிக்கல் இதுதான், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

கேட்ங்குறது குழிக்குள்ள பிளாஸ்டிக் நுழையுற வாசல். முழு வட்டமான ரிங்கா இருந்தா, வாசல்ல நுழைஞ்ச பிளாஸ்டிக் ரெண்டா பிரிஞ்சு, ரெண்டு பக்கமும் சுத்தி, எதிர்முனையில மோதிச் சேரும். சேர்ந்த இடத்துல ஒரு கோடு. அதான் வெல்ட் லைன். ஃபைபர் கலந்த மெட்டீரியல்ல இந்தக் கோடு ரொம்ப பலவீனம். ஃபைபர் கோட்டைத் தாண்டிப் பாலம் போடாது, கோட்டோடயே படுத்துக்கும்.

நம்ம ரிங்ல ஏற்கெனவே ஒரு வெட்டு இருக்கே. அந்த வெட்டுக்கு நேர் எதிரா கேட்டை வச்சா, ரெண்டு பக்கமா ஓடுற பிளாஸ்டிக் மோதிக்கவே மோதிக்காது, ரெண்டு நுனியில போய் முடிஞ்சிடும். வெல்ட் லைனே இல்ல. பிரமாதம்னு நினைச்சேன். டூல் ரூம்ல இருந்த அண்ணன் ஒரு ரிங்கை எடுத்து என் கையில கொடுத்து, "ஷாஃப்ட்ல மாட்டுற மாதிரி விரி தம்பி"ன்னார். விரிச்சேன். "எங்க வளையுது?" வெட்டுக்கு நேர் எதிர்ல. அதாவது மாட்டும்போது அதிகமா இழுபடுற இடமும் கேட் இருக்குற இடமும் ஒண்ணே. கேட்டை உடைச்ச தழும்பு அங்கதான் இருக்கு, அழுத்தமா பேக் பண்ணதுல உள் இறுக்கமும் அங்கதான். மாட்டும்போது ரிங் ஒடிஞ்சா பெரும்பாலும் அங்கதான் ஒடியும்.

சரி, கேட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்னா, ஒரு பக்கப் பாதை குட்டை, இன்னொரு பக்கம் நீளம். குட்டைப் பக்கம் முதல்ல நிரம்பி அழுத்தம் ஏறிப் பிசிறு தள்ளும், நீளப் பக்கத்து நுனி ஷார்ட் ஆகும். எதை வச்சாலும் ஒரு கூலி கொடுத்தாகணும்.

நுனியிலயும் ஒரு கதை இருக்கு. வெட்டு நேரா இருந்தா அந்த இடைவெளி வழியா எண்ணெய் நேரா போயிடும். அதனால நிறைய ரிங்ல படி மாதிரி வெட்டு வைப்பாங்க. ரெண்டு நுனியும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு வழியை அடைச்சுக்கும். இந்தப் படி நுனி ரொம்ப மெல்லிசு, பிளாஸ்டிக் கடைசியா போய்ச் சேர்ற இடமும் அதுதான். குழிக்குள்ள இருந்த காத்து அத்தனையும் அந்த மூலைக்குத் துரத்தப்படும். வெளியேற வழி இல்லேன்னா காத்து அமுங்கி, சூடாகி, பிளாஸ்டிக்கைக் கருக்கும். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் இல்லாம டீசல் பத்துற அதே தத்துவம். பேரே டீசல் எஃபெக்ட்தான். நுனியில கரிஞ்ச வாடை, நொறுங்குற முனை, கூர்மை இல்லாத மூலை இதெல்லாம் பாத்தா பேரல் சூட்டைத் தொடாதீங்க, முதல்ல அந்தக் கேவிட்டியோட வென்ட்டைச் சுத்தம் பண்ணுங்க. முடியை விட மெல்லிய சந்து அது, ஒரு நாள் அழுக்கே அடைச்சிடும்.

நான் பண்ண தப்பு

இப்போ என் கதை. எங்க ரிங் நேர் வெட்டு, எட்டு கேவிட்டி. வாடிக்கையாளர் கிட்ட இருந்து கம்ப்ளைன்ட். சூடான ஆயில் டெஸ்ட்ல கசிவு அளவுக்கு மேல போகுது. திருப்பி அனுப்பின ரிங்ல வெட்டு இடைவெளி அகலமா இருந்தது. எங்க இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் பாத்தா எல்லா அளவும் உள்ளதான் இருக்கு. அனுப்பும்போது சரி, டெஸ்ட்ல ஓடினா தப்பு.

மேனேஜர் என்னை டேட்டாவைப் பாக்கச் சொன்னார். எனக்கு எக்ஸெல் நல்லா வரும், அந்தப் பெருமை வேற. கம்ப்ளைன்ட் வந்த பெட்டிகளோட லேபிளை எடுத்து பிவட் போட்டேன். அத்தனையும் சி ஷிப்ட், அதாவது ராத்திரி. சி ஷிப்ட்ல அந்த மெஷின்ல ஒரே ஆபரேட்டர், செய்யாறு பக்கத்துல இருந்து வந்த ஒரு அண்ணன், கான்ட்ராக்ட் ஆள். ஒரு பார் சார்ட் போட்டேன், ஒரே ஒரு உயரமான கம்பம். 8டி ரிப்போர்ட்ல மூல காரணம்ங்குற இடத்துல "ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர் செட்டிங்கை மாற்றியது"ன்னு போச்சு. மாத்தினதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. அவரை மெஷின்ல இருந்து எடுத்தாங்க. கான்ட்ராக்டர் அடுத்த வாரமே வேற இடத்துக்கு அனுப்பிட்டார்.

மூணு வாரம் கழிச்சு அதே கம்ப்ளைன்ட் திரும்ப வந்தது. அவர் போனதுக்கு அப்புறம் அடிச்ச ரிங்.

அப்பதான் டூல் ரூம் அண்ணன் திரும்பி வந்த ரிங் பையைக் கொட்டி, பூதக்கண்ணாடி வச்சு கேவிட்டி நம்பரைப் பாத்துப் பாத்து அடுக்கினார். 5, 6, 7, 8. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு ஒண்ணு கூட இல்ல. கேவிட்டி நம்பர் ரிங்லயே பொறிச்சிருக்கு. என் எக்ஸெல்ல அந்தக் காலமே இல்ல.

அப்போ ஏன் முதல் தடவை எல்லாம் சி ஷிப்ட்டா வந்தது? டிஸ்பாட்ச் வேன் காலைல ஆறரைக்குக் கிளம்பும். ராத்திரி அடிச்ச பெட்டிகள் வாசல் பக்கமா இருக்கும், அதைத்தான் ஏத்துவாங்க. ஏ ஷிப்ட், பி ஷிப்ட் பெட்டிகள் ரேக்ல போய் உக்காந்துடும். முதல்ல வந்தது முதல்ல போகணும்னு சுவத்துல போர்டு மட்டும் இருந்தது. வாடிக்கையாளர் கையில இருந்ததே ராத்திரி ரிங்தான், அப்போ கம்ப்ளைன்ட் வேற எந்த ஷிப்ட்ல இருந்து வரும்? ரேக்ல இருந்த பகல் பெட்டியைப் பிரிச்சுப் பாத்தோம். அதே நோய்.

கறுப்புக்குள்ள ஒளிஞ்சிருந்தது

மோல்டை ஏன் அவ்வளவு சூடா வைக்கணும்னு அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல. பீக் பாதி ஒழுங்கு, பாதி ஒழுங்கின்மை உள்ள பிளாஸ்டிக். மெதுவா ஆறினா சங்கிலிகள் வரிசையா மடிஞ்சு படிகமாகும். திடீர்னு குளிர்ந்தா மடிய நேரம் இல்லாம கலைஞ்ச நிலையிலேயே உறைஞ்சிடும். மோல்டு குளிர்ச்சியா இருந்தா, சுவரைத் தொடுற மேல்தோல் மட்டும் இப்படி அவசரமா உறைஞ்சுபோகும். 2 மி.மீ தடிமன் ரிங்ல தோல்ங்குறது சின்னப் பங்கு இல்ல.

கலைஞ்ச நிலையில இருக்குற தோல் அறை வெப்பத்துல அமைதியா இருக்கும். 143 டிகிரியைத் தாண்டினா சங்கிலிகளுக்கு உயிர் வந்து, விட்ட வேலையை முடிக்க ஆரம்பிக்கும். அப்போ படிகமாகும், படிகமானா அடர்த்தி கூடும், சுருங்கும். சூடான ஆயில்ல, உரசுற முகத்துல அந்தச் சூட்டை எட்டுறது பெரிய விஷயம் இல்ல. கணக்கு பாருங்க: 50 மி.மீ விட்டம்னா சுற்றளவு 157 மி.மீ. வெறும் 0.3 சதவீதம் கூடுதலா சுருங்கினாலே கிட்டத்தட்ட அரை மி.மீ. ரிங் போர் சுவத்தோட ஒட்டித்தான் நிக்கணும், அதனால சுருங்கின அத்தனையும் வெட்டு இடைவெளில வந்து சேரும். நேர் வெட்டுல அது திறந்த கதவு.

இயற்கை நிற பீக்கா இருந்தா இதைக் கண்ணாலயே பிடிச்சிருக்கலாம். நல்லா படிகமானது இளமஞ்சள் கலந்த சாம்பல் நிறம், ஒளி புகாது. கலைஞ்சது பழுப்பா, கண்ணாடி மாதிரி தெரியும். எங்க ரிங் கார்பன் கலந்த கறுப்பு. ரெண்டும் ஒரே கறுப்பு.

டூல் ரூம் அண்ணன் பண்ணது ரொம்ப எளிமை. ஸ்டோர்ல வேற பார்ட்டுக்கு வச்சிருந்த கலப்படம் இல்லாத பீக் கொஞ்சம் வாங்கி, அதே மோல்டுல, அதே செட்டிங்ல பத்து ஷாட் அடிக்கச் சொன்னார். கிலோ பல ஆயிரம் ரூபாய்னு ஸ்டோர் சார் முணுமுணுத்தார். 1-லிருந்து 4 வரைக்கும் ஒரே சீரான வெளிர் நிறம். 5-லிருந்து 8 வரைக்கும் ஓரமெல்லாம் வெல்லப் பாகு நிறம். அந்த எட்டு ரிங்கை ஒரு வெள்ளைப் பேப்பர் மேல வச்சு நாங்க பாத்துட்டு நின்னது இன்னும் கண்ணுல இருக்கு.

அடுத்து, கறுப்பு ரிங்ல இடைவெளியை அளந்து, 200 டிகிரி ஓவன்ல சில மணி நேரம் வச்சு, ஆற விட்டு மறுபடி அளந்தோம். 5-8 பக்கம் தெளிவா அதிகம் சுருங்கியிருந்தது. வெளி லேப்ல டி.எஸ்.சி-யும் பண்ணோம். ஒரு துணுக்கைச் சீரா சூடுபடுத்தி, அது வெப்பத்தை உள்ள வாங்குதா வெளிய விடுதான்னு பாக்குற சோதனை. கலைஞ்ச பகுதி இருந்தா, உருகுறதுக்கு ரொம்ப முன்னாடியே படிகமாகும்போது வெப்பத்தை வெளிய விட்டு ஒரு சின்ன மேடு காட்டும். 5-8 ரிங்ல மேடு, 1-4 ரிங்ல தட்டை.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? மோல்டுக்குள்ள கம்பி மாதிரி கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள் ரெண்டு பக்கமும் இருக்கும். 5-8 பக்கத்து ஹீட்டர் செத்துப் போயிருந்தது. ஆனா மெஷின் ஸ்க்ரீன்ல 180 டிகிரின்னு பச்சையா எரிஞ்சிட்டு இருந்தது, ஏன்னா தெர்மோகப்பிள் ஒண்ணே ஒண்ணு, அது 1-4 பக்கத்துல இருந்தது. அது இருக்குற இடம் 180 தொட்டாச்சுன்னா கன்ட்ரோலருக்கு வேலை முடிஞ்சது. மோல்டைத் திறந்து கேவிட்டி முகத்துலயே சர்ஃபேஸ் மீட்டர் வச்சா இந்தப் பக்கம் 178, அந்தப் பக்கம் 140-ஐத் தாண்டல. சாஃப்ட்வேருக்கு வந்தப்புறம் ஹெல்த் செக் பச்சையா இருக்க யூசருக்கு சர்வீஸ் செத்துக் கிடக்குறதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 180 ஞாபகம் வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். அடிச்ச ரிங்கையெல்லாம் ஓவன்ல வச்சு அனீல் பண்ற ஒரு படி சில இடங்கள்ல உண்டு. மோல்டு சூடா இருந்தா அது தேவையில்லைன்னு எங்க பிராசஸ் ஷீட்ல விட்டிருந்தாங்க. அது இருந்திருந்தா சுருங்க வேண்டியதெல்லாம் எங்க கூரைக்குள்ளயே சுருங்கி, எங்க கேஜ்லயே மாட்டியிருக்கும்.

ஹீட்டர் மாத்தினோம். ரெண்டாவது பக்கத்துக்கும் ஒரு தெர்மோகப்பிள் போட்டோம். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு ஹீட்டரும் கரன்ட் இழுக்குதான்னு கிளாம்ப் மீட்டர்ல பாக்கணும்னு செக்லிஸ்ட்ல ஏறிச்சு. கேவிட்டி வாரியா தினம் ஒரு ரிங் ஓவனுக்கு.

ரிப்போர்ட்டைத் திருத்தி எழுத பழைய ஷிப்ட் நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். கம்ப்ளைன்ட் வர்றதுக்கு முன்னாடி தேதியில, சி ஷிப்ட் பக்கத்துல, பென்சில்ல ஒரு வரி: "5-8 சைடு ரிங் சூடு கம்மி. பாக்கவும்." அந்த அண்ணன் எழுதினது. ரிங்கைக் கையுறையோட எடுத்துத் தட்டுல வைக்கிறவருக்கு எந்தப் பக்கம் சூடு குறைச்சல்னு கை சொல்லியிருக்கு. கீழ சூப்பர்வைசர் டிக் போட்டிருந்தார். நான் அந்த நோட்டைத் திறந்தே பாக்கல, எனக்கு வேண்டியது எல்லாம் எக்ஸெல்ல இருந்ததே.

நம்பர் வாங்கி அவருக்குப் போன் பண்ணேன். என்ன சொல்றதுன்னு தெரியாம, தப்பு எங்க மேலதான்ணே, நான் போட்ட ரிப்போர்ட்தான்னு சொன்னேன். "பரவால்ல சார், இங்க ஓ.டி. இருக்கு"ன்னார். திரும்ப வர்றீங்களா, நான் பேசுறேன்னேன். வேண்டாம்னுட்டார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே கேட்டார், "அந்த சைடு ஹீட்டர்தானே?"

ஆமாண்ணேன்னேன்.

ஒரு குட்டிக் கேள்வி

இன்னொரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வண்டி ஓட்டுறவங்களுக்கு இந்த ரிங் போனது எப்படித் தெரியும்னு. நேரா தெரியாது. டி-ல போட்டதும் வண்டி நகர ஒரு நொடி, ரெண்டு நொடி தயங்குறது, கியர் மாறும்போது இன்ஜின் ஆர்.பி.எம் சும்மா மேல ஏறிட்டு அப்புறம் பிடிக்கிறது, ஏ.டி.எஃப் கருகின வாடை அடிக்கிறது, இதெல்லாம் கிளட்ச் வழுக்குறதோட அடையாளம். அது ரிங்காவும் இருக்கலாம், வால்வு பாடி, பம்ப், இல்ல வெறும் ஆயில் குறைச்சலாவும் இருக்கலாம். நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரிச்சா, கிளட்ச் சர்க்யூட்ல காத்து அடிச்சுக் கசியுற சத்தம் எங்க வருதுன்னு கேட்டுப் பாப்பார். அதுக்கு முன்னாடி ஆயில் லெவலைப் பாருங்க, ஓசில முடியுற வேலை அது.

மெயில் போட்ட குவாலிட்டி நண்பருக்கு: உங்க எக்ஸெல்ல கேவிட்டி நம்பருக்கு ஒரு காலம் இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க. அடுத்த வாரம் பழையபடி டேட்டாபேஸ்.